வீரசோழன் ஆஸ்பத்திரியும் என் நெஞ்சுப் படபடப்பும்

கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. காலை ஒன்பது மணிக்கே பாலாற்று மணலில் கால் வைக்க முடியவில்லை. திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் கூடுவதாகப் பெயர். பாலாறு, செய்யாறு, வேகவதி. மழைக்காலத்தில் அது உண்மை. சித்திரை, வைகாசியில் கூடுவது மணலும் வெயிலும்தான்.

நான் இந்த ஊர்க்காரன் அல்ல. பிறந்தது, படித்தது, உத்தியோகம் பார்த்தது எல்லாம் புதுச்சேரியில். பழைய நண்பர்களுக்கு இது தெரியும். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். இது என் மனைவியின் ஊர். கடைசிக் காலத்தில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வந்தோம். அவள் போய்விட்டாள். நான் திண்ணையில் இருக்கிறேன்.

போன கோடையில் எனக்கு நடந்ததை இதுவரை எழுதவில்லை. எழுதினால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் படித்துப் பயப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது மறுபடியும் கத்திரி வந்துவிட்டது. என்னைப் போலத் தனியாக இருப்பவர்கள் நாலு பேருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன். ஆனால் என் கதைக்கு முன்னால் கோயில் சுவரில் இருக்கும் கதையைச் சொல்ல வேண்டும். அது என் கதையைவிடப் பெரியது. வயது கிட்டத்தட்ட 950.

சுவரில் ஓர் ஆஸ்பத்திரி

எங்கள் ஊர்க் கோயில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில். மாட்டுப் பொங்கல் சமயத்தில் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பழையசீவரத்துக்கு எழுந்தருளி, பிறகு இங்கே வருவார். அன்று ஊரே நிரம்பி வழியும். மற்ற நாட்களில் காற்றும் புறாவும்தான்.

இந்தக் கோயிலின் சுவரில் மிக நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1063இல் பட்டத்துக்கு வந்த வீரராஜேந்திர சோழன் காலத்தது. 1915இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தார்கள். கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதைப் படித்து ‘எபிகிராபியா இண்டிகா’ 21ஆம் தொகுதியில் வெளியிட்டார். வயலைக்காவூர் என்ற ஊர் செலுத்திவந்த 75 கழஞ்சு பொன்னை இந்தக் கோயிலின் செலவுக்குத் திருப்பிவிட்டதும், அந்த வருமானத்தை எந்தெந்த இனத்துக்கு எவ்வளவு செலவு செய்வது என்பதும்தான் அதில் உள்ள செய்தி.

எனக்கு அந்தக் கல்வெட்டு பிடித்துப்போனதற்கு முதல் காரணம் பக்தி அல்ல, குமாஸ்தா புத்தி. அரசன் உத்தரவு போட்டவுடன் அது கல்லில் ஏறிவிடவில்லை. புரவுவரித் திணைக்களம் என்ற வருவாய்த் துறையைச் சேர்ந்த எத்தனையோ அதிகாரிகளின் கை வழியாக வந்திருக்கிறது. வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று அக்காலத்துப் பதவிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு கோப்பு பத்து மேசை தாண்டி வருவதைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவனுக்கு அந்தச் சுவரைப் பார்த்தால் பழைய அலுவலகத்துக்கே போய் வந்த மாதிரி இருக்கும்.

செலவுப் பட்டியலில் கோயில் பூஜை, திருவிழா எல்லாம் வருகின்றன. பிறகு ஜனநாத மண்டபத்தில் நடந்த ஒரு கல்லூரி வருகிறது. வேதமும் இலக்கணமும் ஆகமமும் படித்த மாணவர்கள், அவர்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், இரவில் விளக்கு. தலைக்குத் தேய்த்துக் குளிக்கச் சனிக்கிழமை தோறும் எண்ணெய். எத்தனை சனிக்கிழமை என்றுகூட எழுதியிருக்கிறார்கள். வருஷத்துக்கு 51. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 360 நாளை ஏழால் வகுத்தால் 51 முழு வாரம், மிச்சம் மூன்று நாள். ஐம்பத்திரண்டாவது எண்ணெய்க்கு ஒதுக்கீடு இல்லை! அக்காலத்து எழுத்தரை அந்த இடத்தில் நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

அதற்கடுத்துத்தான் ஆஸ்பத்திரி. அந்நாள் பெயர் ஆதுலசாலை. நோயாளிகளுக்கான சாலை என்று பொருள். அதற்கு வீரசோழன் என்று பெயர் வைத்திருந்தார்கள். படுக்கை 15. நோயாளி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு, அதுபோக நிலம். கலத்துக்கு 12 குறுணி என்று கொண்டு 360 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு முக்குறுணி நெல். அவரோடு அறுவை செய்ய ஒருவர். மூலிகை பறித்து வரவும் விறகு கொண்டுவரவும் இரண்டு பேர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். நாவிதர் ஒருவர். இரவு முழுவதும் எரிய ஒரு விளக்கு.

ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. ஏறத்தாழ இருபது. கடுக்காயை முதலாகக் கொண்ட லேகியங்கள் பல, ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்கள், வில்வம் சேர்த்த நெய், மாத்திரை வகைகள், பழைய நெய், உப்பு மருந்து. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. மருந்து தீர்ந்துபோய், “அடுத்த மாதம் வாருங்கள்” என்று நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற நினைப்பு அந்த அளவுகளில் தெரிகிறது.

சோழ நாட்டில் இது ஒன்றுதான் ஆஸ்பத்திரி என்று நினைக்க வேண்டாம். இதற்கு முன்பே தஞ்சாவூரில் சுந்தரசோழன் பெயரில் ஓர் ஆதுலசாலை இருந்தது. அதற்குக் குந்தவைப் பிராட்டியார் கொடை அளித்திருக்கிறார். இன்னும் பின்னால் போனால், அசோகரின் இரண்டாம் பாறைச் சாசனத்தில் மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்தது, வழியில் கிணறு வெட்டி மரம் நட்டது எல்லாம் வருகிறது. அதில் சோழர், பாண்டியர் நாடுகளின் பெயரும் உண்டு. மருத்துவமும் நிழலும் தண்ணீரும் ஒரே ஆணையில் இருப்பதைக் கவனியுங்கள். வெயில் அதிகமான தேசத்தில் இவை மூன்றும் வேறு வேறு துறை அல்ல.

ஏலக்காய் மணக்கும் தண்ணீர்

என்னை நிற்க வைத்த செலவினம் ஒன்று இன்னும் இருக்கிறது. ஜனநாத மண்டபத்தில் இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீரில் போட ஏலக்காயும் இலாமிச்ச வேரும் வாங்க ஒதுக்கீடு. மருந்துப் பட்டியலை அடுத்து இதுவும் வருகிறது.

தாகத்துக்கு வெறும் தண்ணீர் போதுமே, வாசனை எதற்கு? நான் அலுவலகத்தில் இருந்திருந்தால் “இச்செலவினம் தவிர்க்கத்தக்கது” என்று குறிப்பு எழுதியிருப்பேன். இப்போது எழுபது தாண்டிய பிறகு புரிகிறது. வயதானவனுக்கும் நோயாளிக்கும் தாகம் சரியாகத் தெரியாது. உடம்பு காய்ந்துகொண்டே போகும், நாக்கு கேட்காது. மணக்கிற தண்ணீர் என்றால் ஒரு வாய் கூடக் குடிப்பான். யாரோ நமக்காகப் பார்த்துப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதற்காக இன்னொரு வாய் குடிப்பான். என் மனைவி மண்பானையில் வெட்டிவேர் முடிச்சுப் போட்டு வைப்பாள். அவள் போன பிறகு அந்தப் பானையை நான் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் கதை அங்கேதான் தொடங்குகிறது.

போன கோடை

இரவில் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று சாயங்காலம் நான்கு மணிக்குப் பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டேன். சமைக்க அலுப்பு. ஒரு வேளை மோர்சாதம், ஒரு வேளை பிஸ்கட். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் பிரிவதற்கானது. அதை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். நாற்பது வருஷம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பழக்கம்.

யாரோடும் பேசாமல் எத்தனை நாள் போயிற்று என்று தெரியாது. பேச ஆள் இல்லை என்பதல்ல. எதிர்வீட்டில் பட்டுத்தறி இருக்கிறது. குழியில் கால் வைத்துக் கணவரும் மனைவியும் மாறி மாறி நெய்வார்கள். வெயில் ஏறும் முன் பாதி வேலையை முடித்துவிடுவார்கள். நான்தான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒருநாள் காலை கோயிலிலிருந்து திரும்பினேன். திண்ணையில் உட்கார்ந்து எழுந்தேன், கண் இருட்டியது. நெஞ்சு தறிக்கட்டை மாதிரி அடித்துக்கொண்டது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடலாம் என்றால் குரல் வரவில்லை. எதிர்வீட்டு அம்மா தறிச் சத்தத்தை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

“ஐயா, என்ன அப்படியே உக்காந்துட்டீங்க? பேப்பர் எடுக்கலையே இன்னும்?”

அந்த பேப்பர்தான் என்னைக் காப்பாற்றியது. வழக்கமாக ஏழு மணிக்கு எடுப்பவன் எட்டரை வரை எடுக்கவில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார். கணவரைக் கூப்பிட்டு ஆட்டோ வைத்து என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை. உடம்பில் நீரும் உப்பும் குறைந்து, அதன் மேல் மாத்திரையும் சேர்ந்து அழுத்தம் கீழே போயிருந்தது. அதைச் சரிக்கட்ட இதயம் ஓடியிருக்கிறது.

பேத்தி வயதுள்ள மருத்துவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். வெயிலில் உடம்பு சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதற்குத் தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் விரியும், இதயம் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்ப வேண்டும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போனால் குழாயில் ஓடும் இரத்தத்தின் அளவே குறையும். குறைந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு கூடுதல் வேலை. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது, வியர்த்தும் உடம்பு குளிராது. நாம் நிழலில் சும்மா படுத்திருந்தாலும் இதயத்துக்கு ஓய்வு இல்லை.

கடைசியில் அவர் கேட்டார். “ஐயா, வீட்டுல கூட யார் இருக்காங்க?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் சீட்டில் ஏதோ எழுதினார். எனக்கு மருந்தின் பெயர் எதுவும் ஞாபகம் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது.

பாரிஸில் அந்த ஆகஸ்ட்

வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது எனக்கு 2003ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. அப்போது பிரெஞ்சுப் பத்திரிகைகளைத் தவறாமல் படிப்பேன். அந்த ஆகஸ்டில் பிரான்சில் கடும் வெயில். பிரெஞ்சில் அதற்குக் ‘கனிக்யூல்’ என்று பெயர். குட்டி நாய் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிரியஸ் என்ற நட்சத்திரம் சூரியனோடு உதிக்கும் நாட்களின் சூட்டை அப்படிச் சொன்னார்கள். நாம் அக்னி நட்சத்திரம் என்கிறோம், அவர்கள் நாய் நட்சத்திரம் என்கிறார்கள். இரண்டு தேசமும் வெயிலுக்குப் பழியை வானத்தின் மேல்தான் போட்டிருக்கின்றன.

அந்த வெயிலில் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் அதிகமாக இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். அது விடுமுறை மாதம். பிள்ளைகள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள், பக்கத்து வீட்டார் ஊரில் இல்லை. பாரிஸில் இறந்தவர்களில் 57 பேரின் உடலை வாங்க ஒருவரும் வரவில்லை. செப்டம்பர் 3ஆம் தேதி தியே என்ற இடத்தின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஜனாதிபதி ஷிராக் நேரில் வந்து நின்றார். அதைப் படித்த அன்று நான் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன், “நம்ம ஊர்ல இப்படி நடக்காது” என்று. அவள் பதில் சொல்லாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

மறு ஆண்டு அந்த நாட்டில் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நகராட்சியிலும் ஒரு பதிவேடு. தனியாக இருக்கும் முதியவர்கள் விரும்பினால் அதில் பெயர் கொடுக்கலாம். வெயில் எச்சரிக்கை வந்தால் அந்தப் பட்டியலை வைத்து அவர்களைத் தொடர்புகொண்டு நலம் விசாரிப்பார்கள். பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒரு பதிவேடு, ஒரு தொலைபேசி, “எப்படி இருக்கிறீர்கள்?” என்ற ஒரு கேள்வி. என் எதிர்வீட்டு அம்மா பதிவேடு இல்லாமலே அதைச் செய்தார்.

நெஞ்சு என்றால் எது?

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பாடத்தை மனப்பாடம் செய்யச் சொல்லும்போது பிரெஞ்சில் ‘பார் கெர்’ என்பார்கள். ‘கெர்’ என்றால் இதயம். இதயத்தால் படி என்று அர்த்தம். நாம் மனத்தால் பாடம் செய்கிறோம். தமிழில் நெஞ்சு என்றால் மார்புக்கூடும் அதுதான், மனசும் அதுதான். நெஞ்சு வலிக்கிறது என்றால் எந்த வலி என்று இன்னொரு கேள்வி கேட்டால்தான் தெரியும்.

மருத்துவமும் இப்போது அந்தப் பக்கம் வந்திருக்கிறது. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் இதயக் கோளாறுக்கு ‘தகோட்சுபோ’ என்று பெயர் வைத்தார்கள். அந்த நாட்டில் எண்காலி பிடிக்கும் பானையின் பெயர் அது. பெரிய துக்கமோ அதிர்ச்சியோ வந்தபின் இதயத்தின் கீழறை தளர்ந்து, படத்தில் அந்தப் பானை மாதிரி தெரியுமாம். மாரடைப்பு மாதிரியே வலி, ஆனால் இரத்தக் குழாயில் அதற்குரிய அடைப்பு இருக்காது. வயதான பெண்களுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். எனக்கு வந்தது அது அல்ல. ஆனால் துக்கம் இதயத்தைத் தொடும் என்பது கவிஞர்களின் கற்பனை மட்டும் அல்ல என்று தெரிந்துகொண்டேன். என் விஷயத்தில் துக்கம் நேரே இதயத்துக்குப் போகவில்லை. முதலில் பானையைக் கவிழ்த்தது, பிறகு அடுப்பை அணைத்தது, பிறகு கதவைச் சாத்தியது. கடைசியில்தான் வெயில் வந்தது.

அதனால்தான் அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போது இப்போதெல்லாம் மருத்துவரின் 90 கலத்தில் என் கண் நிற்பதில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு, மணக்கிற தண்ணீர் என்ற மூன்றில் நிற்கிறது. இருட்டில் நோயாளி விழித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும் என்று ஒருவர் நினைத்து, அதற்கு எண்ணெய் ஒதுக்கி, அதைக் கல்லிலும் வெட்ட வைத்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. எழுத்தராக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

இந்த ஆண்டு நான் செய்பவை

மருத்துவர் சொன்னதையும் நானே பட்டுத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பானையை நிமிர்த்திவிட்டேன். வெட்டிவேர் முடிச்சு உள்ளே கிடக்கிறது. தாகம் எடுக்கிறதா என்று பார்ப்பதில்லை, மணி பார்த்துக் குடிக்கிறேன். காலையிலும் மத்தியானத்திலும் அதிகம், இரவில் குறைவு. நீர்மோரில் உப்பும் கறிவேப்பிலையும் போட்டு ஒரு டம்ளர். ராமநவமிப் பானகம் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் சேர்ந்தது, அதுவும் நல்லதுதான், ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமாகி, தண்ணீரையும் உப்பையும் அளந்து சாப்பிடச் சொல்லப்பட்டவர்கள் என்னைப் பார்த்துக் குடிக்க வேண்டாம். அவர்கள் அளவை அவர்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கோடை தொடங்கும்போதே இரத்த அழுத்த மாத்திரைகளோடு மருத்துவரைப் பார்த்து, இதே அளவு போதுமா என்று கேட்டுக்கொண்டேன். நாமாக மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் கூடாது. படுக்கையிலிருந்தோ திண்ணையிலிருந்தோ சட்டென்று எழுவதில்லை. கோயிலுக்கு விடியற்காலையில் போய் ஏழு மணிக்குள் திரும்பிவிடுகிறேன். வைகாசியில் காஞ்சி வரதர் கருட சேவைக்கு இந்த வருஷம் போவதாக இல்லை. கூட்டத்தில் தண்ணீர்ப்பந்தல் நிறைய இருக்கும், ஆனால் எழுபது தாண்டிய கால் அங்கே நிற்க வேண்டாம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். பார்வேட்டைக்கு அவரே இங்கே வருகிறவர்.

மார்பில் பாரமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, மூச்சு முட்டலோ, வெயிலில் இருந்தவருக்குப் பேச்சுக் குழறலோ வந்தால் மோர் கொடுத்துப் பார்ப்பது, கஷாயம் வைப்பது எதுவும் வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. தினமும் காலை ஏழு மணிக்கு பேப்பரை எடுத்ததும் எதிர்வீட்டைப் பார்த்து, “அம்மா, எடுத்துட்டேன்” என்று குரல் கொடுக்கிறேன். “சரிங்க ஐயா” என்று தறிச் சத்தத்துக்கு நடுவில் பதில் வரும். அவ்வளவுதான் எங்கள் பதிவேடு. சில நாள் அவர் மோர் கொண்டுவருவார், சில நாள் நான் அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். குறுணி, கலம் கணக்கு அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. 15 பேருக்கு நாளுக்கு ஒரு நாழி அரிசி என்றால் 360 நாளுக்கு எத்தனை நாழி என்று கேட்டேன். 5,400 என்று உடனே சொன்னாள். பிறகு, “அந்த பதினைஞ்சு பேரும் நல்லாயிட்டாங்களா தாத்தா?” என்று கேட்டாள். கல்வெட்டில் அது இல்லை. நல்லாயிருப்பார்கள் என்று சொன்னேன்.

உங்கள் தெருவில் பேப்பர் எடுக்காத வீடு ஏதாவது இருந்தால் நாளைக் காலை ஒரு முறை எட்டிப் பாருங்கள். வெயில் தாழ்ந்ததும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.